மூன்று சென்ட் தபால்தலையில் வந்த வீடு: பயிற்சி முகாம் கடிதங்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

போர்க்காலக் கடிதம் என்றதும் பலருக்கும் ஒரே காட்சிதான் மனதில் வருகிறது. பதுங்குகுழி, மெழுகுவர்த்தி வெளிச்சம், சேறு படிந்த காகிதம், தணிக்கை அதிகாரி கத்தரித்து எடுத்த ஓட்டைகள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கக் கடிதக் கட்டு ஒன்றின் படத்தை யாராவது காட்டினால் போதும். "இது வி-மெயில் (கடல் தாண்டி அனுப்புவதற்காகப் படச்சுருளில் சுருக்கிய கடிதம்)", "இது தணிக்கையானது", "இது போர்முனைக் கடிதம்" என்று மூன்று முடிவுகளும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. உறையைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் மூன்றுமே தவறாக இருக்கக்கூடும். ஜார்ஜியாவிலோ டெக்சாஸிலோ, சொந்த நாட்டுக்குள்ளேயே பயிற்சி முகாமில் இருந்த ஒரு பையனுக்கு அவனுடைய அம்மாவோ தங்கையோ கூடப் படித்த நண்பனோ எழுதிய கடிதமாக அது இருக்கலாம்.

இந்த வகைக் கடிதங்கள் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. குண்டுச் சத்தம் இல்லை என்பதாலேயே இவற்றை "சாதாரணக் கடிதங்கள்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு நாடு போருக்குப் போகும்போது வீட்டுக்குள் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், இவற்றைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது.

ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்

கைபேசி வராத காலத்தில் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த ஒரு பையனுக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தில் என்ன இருந்திருக்கும்? மாடு கன்று போட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மணியார்டர் அனுப்பியிருக்கிறோம், கிடைத்ததா? நேரத்துக்குச் சாப்பிடு. இவற்றில் ஒன்றுகூட அவசரச் செய்தி இல்லை. அந்த வீட்டில் அவனுக்கு உள்ள இடம் அப்படியே இருக்கிறது என்று அவனுக்குச் சொல்வதுதான் அந்தக் கடிதத்தின் வேலை.

பயிற்சி முகாமுக்குப் போன கடிதமும் இந்த வேலையைத்தான் செய்தது. ஒரே ஒரு வேறுபாடு. ஹாஸ்டல் பிள்ளை முழுப் பரீட்சை முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுவான். இந்தப் பையன் பயிற்சி முடிந்ததும் கப்பல் ஏறக்கூடும். எழுதுகிறவருக்கும் அது தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். கடிதத்தில் மட்டும் அது இருக்காது.

இனி காலப்பின்னணி. அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்பே, 1940 செப்டம்பர் 16 அன்று, கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் அங்கே கையெழுத்தாகிவிட்டது. முதலில் 21 முதல் 35 வயது வரையிலான ஆண்களை அழைத்தார்கள். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. 1942 நவம்பரில் அழைக்கும் வயது 18 ஆகக் குறைந்தது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு பிள்ளைகள் ரயிலேறினார்கள். வரவேற்பு நிலையத்தில் சீருடை கொடுத்த பிறகு, உடுத்திக்கொண்டு வந்த சொந்தத் துணிமணிகளை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். பல அம்மாக்களின் கைக்கு மகனிடமிருந்து வந்த முதல் தபால் அந்தத் துணிப் பொட்டலம்தான். மகன் போட்டுக்கொண்டு போன சட்டை தனியாகத் திரும்பி வந்ததைக் கையில் வாங்கிய பிறகுதான் பல வீடுகளில் முதல் கடிதமே எழுதப்பட்டிருக்கும்.

காலாட்படையின் அடிப்படைப் பயிற்சி முதலில் 13 வாரம். 1943-இல் அது 17 வாரம் ஆனது. அது முடிந்ததும் எல்லோரும் உடனே கடல் கடக்கவில்லை. சிலர் தொழில்நுட்பப் பள்ளிக்குப் போனார்கள், சிலர் புதிதாகத் திரட்டப்பட்ட படைப்பிரிவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே ஓராண்டுக்கும் மேல் பயிற்சி எடுத்தார்கள். விமானியாக விரும்பியவனுக்கோ ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டங்கள்.

இதுவரை சொன்னதன் சாரம்: பயிற்சிக் காலம் சில மாதங்களாகவும் இருக்கலாம், ஓரிரு ஆண்டுகளாகவும் இருக்கலாம். அந்தக் காலம் முழுவதும் அவன் உள்நாட்டுத் தபாலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தான். மற்ற எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

உறையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்

பழைய கடிதம் கையில் கிடைத்தால் எல்லோரும் உடனே உள்ளிருக்கும் காகிதத்தைப் பிரிப்பார்கள். உறையைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு, அது பெரிய இழப்பு. மாதிரிக்கு ஓர் உறையை மனதில் வரைந்துகொள்வோம். இது எந்தக் குடும்பத்துடைய உறையும் அல்ல. அந்தக் காலத்து உறைகளின் பொது அடையாளங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வலது மேல் மூலையில் ஊதா நிறத் தபால்தலை. மதிப்பு மூன்று சென்ட். இரு சிறகுகளையும் மேல்நோக்கி விரித்து நிற்கும் கழுகு. சிறகுகளின் கோணமே வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்தாகத் தெரியும். சுற்றிலும் 13 நட்சத்திரங்கள். இந்தத் தபால்தலை 1942 ஜூலை 4 அன்று வெளியானது. ஆக, கழுகைப் பார்த்தால் கடிதம் அந்த நாளுக்கு முந்தையது அல்ல என்று தேதி தெரியாவிட்டாலும் சொல்லிவிடலாம். மேலே விழுந்திருக்கும் முத்திரையில் அலை அலையான கோடுகளுக்குப் பதிலாகப் போர்ச் சேமிப்புப் பத்திரம் வாங்கச் சொல்லும் வாசகம் இருக்கலாம். அஞ்சல் முத்திரைகூட அப்போது பிரசாரத்துக்குப் பயன்பட்டது.

மூன்று சென்ட் தபால்தலை வேறொன்றையும் சொல்கிறது. 1942 ஏப்ரல் முதல் படைவீரர்கள் தங்கள் சாதாரணக் கடிதங்களுக்குத் தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை. மூலையில் 'இலவசம்' என்று பொருள்படும் 'ஃப்ரீ' என்ற சொல்லைக் கைப்பட எழுதினால் போதும். அந்தச் சலுகை வீரனுக்கு மட்டும்தான், வீட்டாருக்கு இல்லை. கையால் எழுதிய 'ஃப்ரீ' இருந்தால் அவன் எழுதியது. தபால்தலை இருந்தால் பெரும்பாலும் அவனுக்கு எழுதியது. கலைந்துபோன ஒரு கட்டை இரண்டாகப் பிரிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

அடுத்தது முகவரி. பெயருக்கு முன்னால் 'பிரைவேட்' என்று இருந்தால் அவன் தரைப்படையின் கடைநிலைச் சிப்பாய். பெயரை ஒட்டி எட்டு இலக்க எண் ஒன்று வரும். அது படை எண்; ஒவ்வொரு சிப்பாய்க்கும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டது. முதல் இலக்கம் 1 என்றால் பொதுவாகத் தானாக முன்வந்து சேர்ந்தவன், 2 என்றால் மாநிலக் காவற்படை வழியாக வந்தவன், 3 என்றால் கட்டாய அழைப்பில் வந்தவன். அழைப்பில் வந்தவனுக்கு இரண்டாம் இலக்கம் நாட்டின் எந்தப் பகுதியில் சேர்ந்தான் என்று காட்டும். 36 என்று தொடங்கினால் இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின் பக்கம். ஒரு அம்மா மகனின் பெயருக்குப் பக்கத்தில் எட்டு இலக்கங்களை ஒன்றுவிடாமல் எழுதப் பழகிக்கொண்டது என்னை எப்போதும் கொஞ்சம் கலங்க வைக்கும்.

பிறகு கம்பெனி, பட்டாலியன் என்று அவன் சேர்ந்த படை அணிகள், கடைசியில் முகாமின் பெயரும் மாநிலமும்: ஃபோர்ட் பென்னிங், ஜார்ஜியா; கேம்ப் வோல்டர்ஸ், டெக்சாஸ்; கடற்படை என்றால் கிரேட் லேக்ஸ், இல்லினாய். முகவரியில் உள்நாட்டு ஊர்ப்பெயர் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஏன் என்று கீழே வருகிறது.

கடிதம் போன வழி

நம் ஊரில் ஆர்.எம்.எஸ். என்று ரயில் நிலையத்தை ஒட்டி ஓர் அலுவலகம் இருக்கும். இரவு ரயிலில் போகும் தபால் பைகளை அங்கேதான் பிரித்துக் கட்டுவார்கள். அமெரிக்காவிலும் ரயில்வே தபால் சேவை இருந்தது. ஓடும் ரயிலின் தனிப் பெட்டி ஒன்றில் ஊழியர்கள் நின்றபடியே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் பைகளில் போட்டுக்கொண்டே போவார்கள். அதனால் பல மாநிலங்கள் தாண்டியும் கடிதம் சில நாட்களில் சேர்ந்துவிடும். அனுபவம் மிக்க தபால் ஊழியர்களே படைக்குப் போய்விட்டதால் புதியவர்களுக்கு வேலை எளிதாக வேண்டும் என்று 1943 மே மாதம் 124 பெரிய நகரத் தபால் நிலையங்களில் வட்டார எண்கள் புகுத்தப்பட்டன. இரண்டு உறைகளில் ஒன்றில் நகரப் பெயருக்குப் பின் சிறு எண் இருந்து மற்றொன்றில் இல்லாவிட்டால், அது இந்த மாற்றத்தின் தடயமாக இருக்கலாம்.

முகாமுக்குள் கடிதம் கைக்கு வரும் நேரத்துக்கு 'மெயில் கால்' என்று பெயர். தபால் அழைப்பு என்று சொல்லலாம். பயிற்சி முடிந்து களைத்து வந்தவர்கள் கூடி நிற்பார்கள். தபாலைப் பிரிக்கும் சிப்பாய் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் கேட்டதும் குரல் கொடுக்க வேண்டும். உறை தலைகளுக்கு மேலாகக் கைமாறி வரும். நம் ஊர்த் தபால்காரர் வீட்டு வாசலைத் தாண்டிப் போனால் ஏமாற்றம் நம்மோடு போய்விடும். இங்கே அப்படி இல்லை. யாருக்குக் கடிதம் வந்தது, யாருக்கு வரவில்லை என்பது கம்பெனி முழுவதற்கும் தெரிந்தே நடந்தது. வீட்டார் வாரத்துக்கு இரண்டு மூன்று கடிதம் எழுதியதற்கும், சொல்ல ஒன்றுமே இல்லாத நாளிலும் எழுதியதற்கும் காரணம் இதுதான். உள்ளே இருப்பது என்ன என்பது இரண்டாம்பட்சம். அவன் பெயரை இன்று யாராவது கூப்பிட வேண்டும்.

தணிக்கை எங்கே இருந்தது, எங்கே இல்லை

அதிகக் குழப்பம் உள்ள இடம் இது. தணிக்கை என்பது கடிதத்தை உரியவர் கைக்குப் போகும் முன் அதிகாரி ஒருவர் பிரித்துப் படித்து, ரகசியம் கசியும் வரிகளை அழிப்பது அல்லது வெட்டி எடுப்பது. அமெரிக்காவில் இரண்டு வகைத் தணிக்கை நடந்தது.

ஒன்று, 1941 டிசம்பர் 19 அன்று உருவான தணிக்கை அலுவலகம் செய்தது. பைரன் பிரைஸ் என்ற பத்திரிகையாளர் அதன் தலைவர். அந்த அலுவலகம் நாட்டின் எல்லையைக் கடக்கும் தபாலைப் பார்த்தது. மற்றொன்று படை தன் ஆட்களிடம் செய்தது. கடல் கடந்து நின்ற சிப்பாய் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை அவனுடைய பிரிவின் அதிகாரியே படிப்பார். எங்கே இருக்கிறோம், எத்தனை பேர், அடுத்து எங்கே போகிறோம் என்பதெல்லாம் அடிபட்டுப் போகும்.

ஓஹியோவில் இருந்த அம்மா ஜார்ஜியாவில் இருந்த மகனுக்கு எழுதிய கடிதம் இந்த இரண்டு வலையிலும் சிக்காது. அது உள்நாட்டுத் தபால். ஒட்டிய உறை ஒட்டியபடியே போய்ச் சேரும். அவன் பதிலும் வழக்கமாக அப்படித்தான் வரும். விதிவிலக்குகள் உண்டு. அணுகுண்டு வேலை நடந்த லாஸ் அலமோஸ் போன்ற ரகசிய இடங்கள் ஒருபுறம். கப்பல் ஏறும் முன் தங்க வைத்த நியூ ஜெர்சியின் கேம்ப் கில்மர் போன்ற துறைமுக முகாம்கள் மறுபுறம். அங்கே புறப்பாட்டு உத்தரவு வந்துவிட்டால் சிப்பாய்கள் எழுதும் கடிதங்கள் தணிக்கைக்குள் வந்தன.

அப்படியானால் இந்தக் கடிதங்களில் எல்லாம் வெளிப்படையாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. விடுபட்டவை நிறைய. படையில் இருப்பவனுக்கு எழுதும்போது சிணுங்காதீர்கள், மகிழ்ச்சியான செய்திகளை எழுதுங்கள் என்று பத்திரிகைகளும் பிரசாரச் சுவரொட்டிகளும் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. அப்பாவின் நெஞ்சுவலி குணமான பிறகுதான் "போன மாதம் கொஞ்சம் முடியாமல் இருந்தது" என்று ஒரு வரி வரும். அந்த வரியை மறைத்தது எந்த அதிகாரியும் அல்லர்; அம்மாதான்.

சுருக்கமாக: உள்நாட்டு முகாமுக்குப் போன கடிதம் பொதுவாகத் தணிக்கைக்கு உட்படவில்லை. உறையின் ஓரத்தில் தணிக்கைப் பட்டை ஒட்டியிருந்தாலோ, ஒரு மூலையில் அதிகாரியின் கையெழுத்தும் வட்ட முத்திரையும் இருந்தாலோ, அது வேறு கட்டத்தைச் சேர்ந்த கடிதம்.

வி-மெயில் என்பது ஒரு தொழில்நுட்பம்

போர்க்காலக் கடிதம் எல்லாவற்றுக்கும் வி-மெயில் என்று பெயர் வைப்பது, தபால் எல்லாவற்றையும் தந்தி என்று சொல்வதைப் போன்றது. வி-மெயில் ஒரு குறிப்பிட்ட முறை. அதற்கென்று அச்சிட்ட தாளில் எழுத வேண்டும். அந்தத் தாளை 16 மில்லிமீட்டர் படச்சுருளில் மிகச் சிறியதாகப் படம் எடுப்பார்கள். சுருள் மட்டும் விமானத்தில் கடல் தாண்டும். மறுகரையில் அதை மீண்டும் காகிதத்தில் அச்சிட்டு, உள்ளங்கை அளவுக் கடிதமாக உறையில் போட்டுக் கொடுப்பார்கள். 1942 ஜூன் 15 அன்று தொடங்கி 1945 நவம்பர் 1 வரை நடந்தது. 1,50,000 கடிதங்களைக் காகிதமாக அனுப்பினால் 2,575 பவுண்டு எடை. படச்சுருளாக்கினால் 45 பவுண்டு. கப்பலிலும் விமானத்திலும் வெடிமருந்துக்கும் உணவுக்கும் இடம் வேண்டியிருந்த நேரத்தில் இந்தச் சேமிப்பு பெரியது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. காய்ந்த பூவை உள்ளே வைக்க முடியாது, குழந்தையின் தலைமுடிச் சுருளையும் முடியாது. உதட்டுச்சாயத்தோடு தாளில் முத்தமிட்டு அனுப்பினால் அந்தச் சாயம் படமெடுக்கும் இயந்திரத்தில் அப்பி வேலையைக் கெடுத்தது. அதற்கு 'செந்நிறத் தொல்லை' என்று ஊழியர்கள் பெயரே வைத்துவிட்டார்கள்.

கடல் தாண்டும் தபாலுக்காக ஏற்பட்ட முறை இது. டெக்சாஸ் முகாமில் இருந்தவனுக்கு இது தேவையே இல்லை. அவனுக்கு வந்தது அசல் காகிதம். அம்மாவின் கை பட்ட அதே தாள், மையின் அதே நிறம், மடிப்புக்குள் செய்தித்தாள் துண்டு, சில நேரம் ஒரு டாலர் நோட்டு. பயிற்சி முகாம் கடிதத்தைத் தொட்டுப் பார்க்கும்போது கிடைக்கும் நெருக்கம் வி-மெயில் நகலில் கிடைக்காது என்பது என் அனுபவம்.

உள்ளே என்ன எழுதினார்கள்

முதல் வாசிப்பில் சலிப்புத் தட்டும். வானிலை, சாப்பாடு, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள். கொஞ்சம் பொறுமையாக இருங்கள். போர் அந்த வரிகளுக்குள்தான் இருக்கிறது.

சர்க்கரையை எடுத்துக்கொள்வோம். 1942 மே மாதம் அமெரிக்காவில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. தொடக்கத்தில் ஓர் ஆளுக்கு வாரத்துக்கு அரை பவுண்டு. நம் அளவில் கால் கிலோவுக்கும் குறைவு. அதே ஆண்டு நவம்பரில் காப்பிக்கு வந்தது: ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. மறு ஆண்டு மார்ச்சில் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் வந்தது. இப்போது ஒரு கடிதத்தில், பிஸ்கட் டப்பா அனுப்பியிருக்கிறேன், உடையாமல் வந்ததா என்று ஒரே ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டப்பாவுக்குள் இருப்பது வீட்டில் மற்றவர்கள் காப்பியில் சர்க்கரை போடாமல் குடித்த வாரங்கள். அம்மா அதை எழுதமாட்டார். நாம்தான் ரேஷன் கணக்கை அறிந்துகொண்டு அந்த வரிக்குத் திரும்பி வர வேண்டும்.

பெட்ரோலும் அப்படியே. 1942 டிசம்பரில் நாடு முழுவதும் பெட்ரோல் ரேஷன் வந்தபோது சாதாரணக் கார்களுக்கு 'ஏ' அட்டை. வாரத்துக்கு நான்கு கேலன் வரை. பிறகு அதுவும் குறைந்தது. வேகம் மணிக்கு 35 மைலைத் தாண்டக் கூடாது, டயர் தேயும். இந்த நிலையில் உன்னை வந்து பார்க்க முடியுமா என்று தெரியவில்லை என்று எழுதும் குடும்பம் சாக்குச் சொல்லவில்லை.

நேரம்கூடக் குழப்பும். 1942 பிப்ரவரி 9 முதல் போர் முடியும்வரை கடிகாரத்தை ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அதைப் 'போர் நேரம்' என்றார்கள். அந்தக் காலக் கடிதத்தில் ரயில் வரும் நேரத்தோடு 'பழைய நேரம்', 'புது நேரம்' என்று வந்தால் திகைக்க வேண்டாம்.

பணப் பேச்சும் நிறைய வரும். 1942 ஜூன் முதல் கடைநிலைச் சிப்பாய்க்கு மாதம் 50 டாலர் சம்பளம். மணமானவன் என்றால் அதில் 22 டாலரைப் பிடித்து, அரசு 28 டாலர் சேர்த்து, மனைவிக்கு மாதம் 50 டாலர் அனுப்பும். இந்தக் குடும்பப் பிடித்தத்துக்கு 'அலாட்மென்ட்' என்று பெயர். செக் இன்னும் வரவில்லை என்ற வரி மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் கடிதக் கட்டைப் பிரித்தால், கைக்குழந்தையோடு வாடகைக்கு இருக்கும் ஓர் இளம்பெண்ணின் கணக்குப் புத்தகத்தையே படிப்பது போல இருக்கும்.

நண்பர்களின் கடிதங்கள் வேறு சுருதியில் இருக்கும். குடும்பம் மறைப்பதை நண்பன் எழுதிவிடுவான். ஊரில் யார் யாருக்கு அழைப்பு வந்தது, உடல் தகுதித் தேர்வில் யார் தேறவில்லை, எந்தப் பெண் யாரோடு நடனத்துக்குப் போனாள். அந்த நண்பனே சில மாதத்தில் வேறொரு முகாமிலிருந்து எழுதத் தொடங்குவான். அப்போது உறை மூலையில் தபால்தலை போய் 'ஃப்ரீ' வந்திருக்கும். மேலே சொன்ன விதி தடுமாறும் ஓர் இடம் இது. அனுப்பியவர் முகவரியைப் பார்த்தால் தெளிந்துவிடும். ஒரு வகுப்பே கலைந்து போவதை அந்த மூலையில் மட்டுமே பார்த்துவிடலாம்.

இரண்டு பக்கமும் முகாம்

இந்தக் கடிதங்களைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் உத்தரவின் பின்விளைவாக ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் மேற்குக் கடற்கரை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். மறு ஆண்டு அதே அரசு அவர்களின் பிள்ளைகளைப் படைக்கு ஏற்றது. ஜப்பானிய வம்சாவளியினரைக் கொண்ட 442-ஆவது படைப்பிரிவு மிசிசிப்பி மாநிலத்தின் கேம்ப் ஷெல்பியில் 1943-இல் பயிற்சியைத் தொடங்கியது.

அங்கிருந்த மகனுக்கு அர்கன்சாவின் ரோவர் முகாமிலிருந்தோ ஜெரோம் முகாமிலிருந்தோ வந்த உறையைக் கற்பனை செய்து பாருங்கள். போகும் முகவரியில் கம்பெனி எண், முகாம் பெயர். அனுப்பியவர் முகவரியில் தெருப்பெயர் இல்லை. பிளாக் எண், பாரக் (நீண்ட குடியிருப்புக் கொட்டகை) எண், அறை எண். மகனும் பாரக்கில், பெற்றோரும் பாரக்கில். ஒரு பக்கம் காவலுக்கு நிற்கப் பழகுகிறான். மறுபக்கம் காவலுக்குள் இருக்கிறார்கள். வயதான பெற்றோர் பலருக்கு ஜப்பானிய மொழியில்தான் எழுத வரும். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்று கேட்டிருப்பார்கள். ஹாஸ்டல் பிள்ளைக்கு எழுதும் அதே கேள்விகள். தங்கள் வீடு எங்கே போயிற்று என்று அவன் கேட்டிருந்தால் அதற்கு என்ன பதில் எழுதியிருப்பார்கள் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

துரத்திக்கொண்டு வரும் கடிதம்

மாற்றலாகிப் போய்க்கொண்டே இருக்கும் அரசு ஊழியருக்குப் பழைய முகவரிக்கே கடிதம் எழுதினால் என்ன ஆகும்? அது அவரைத் துரத்திக்கொண்டு ஊர் ஊராக அலையும். பயிற்சியில் இருந்தவனுக்கும் அதுதான் நடந்தது. வரவேற்பு நிலையம், அடிப்படைப் பயிற்சி, சிறப்புப் பள்ளி, படைப்பிரிவு, துறைமுக முகாம் என்று சில மாதத்துக்குள் நான்கைந்து முகவரி மாறிவிடும். முகாமின் தபால் அறையில் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. அவன் மாற்றலானதும் புது இடத்தை அதில் குறிப்பார்கள். வந்த கடிதத்தில் பழைய முகவரியை அடித்துப் புதியதை எழுதி அங்கே அனுப்புவார்கள். நான்கு முறை அடித்து எழுதிய ஓர் உறை அவன் பயணித்த வழியையே காட்டிவிடும்.

இந்த அட்டை முறை எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்கு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படைகளுக்கு வந்த ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் தபால்கள் அங்கே கிடங்குகளில் முடங்கிக் கிடந்தன. 1945 பிப்ரவரியில் மேஜர் சாரிட்டி ஆடம்ஸ் தலைமையில் 6888-ஆவது மையத் தபால் பட்டாலியன் வந்து சேர்ந்தது. 855 பேர்; கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினப் பெண்கள். மூன்று ஷிப்டுகளாக, ஒரு ஷிப்டுக்குச் சுமார் 65,000 தபால் வீதம் பிரித்தார்கள். அவர்கள் கையில் 70 லட்சம் முகவரி அட்டைகள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர். சரியான ஆளைக் கண்டுபிடிக்க உதவியது அந்த எட்டு இலக்கப் படை எண்தான். ஆறு மாதத்தில் முடிக்கச் சொன்ன வேலையை மூன்றே மாதத்தில் முடித்தார்கள்.

பாதி உரையாடலைப் படிப்பது எப்படி

எங்கள் பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர். பாட்டி சொல்லச் சொல்ல அத்தை இன்லேண்ட் கடிதத்தில் எழுதுவார். பெரியப்பா வீட்டுக்கு எழுதியவை இன்றும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. பாட்டி அவருக்கு அனுப்பியவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓர் இடத்தில் நிலையாக இருப்பவர்களிடம்தான் காகிதம் தங்கும். அமெரிக்காவிலும் இதே கதைதான். அம்மாக்கள் மகன் எழுதியதைச் செருப்புப் பெட்டியில் போட்டு வைத்தார்கள். போர்முனையில் இருந்த மகன், மழையிலும் சேற்றிலும் முதுகில் சுமக்க முடிந்ததை மட்டுமே வைத்துக்கொண்டான். பயிற்சி முகாமில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே கட்டிலுக்கு அருகே அவனுக்கென்று ஒரு பெட்டி இருந்தது. கடல் கடக்கும் முன் கட்டு கட்டி வீட்டுக்கு அனுப்பிவைக்க வாய்ப்பும் இருந்தது. வீட்டார் எழுதிய பக்கம் நமக்குக் கிடைக்கும்போது அது பயிற்சிக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஆனால் கிடைப்பது பாதி உரையாடல். தொலைபேசியில் பேசுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்தை மட்டும் கேட்பது போல. நீ கேட்ட சாக்ஸ் அனுப்பிவிட்டேன் என்றால் அவன் கால் கொப்புளித்திருக்கலாம். சார்ஜெண்ட் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றால் எதுவோ நடந்திருக்கிறது. உள்நாட்டுத் தபால் சில நாட்களில் போய்ச் சேர்ந்ததால் கேள்வியும் பதிலும் வார இடைவெளிக்குள் பொருந்தும். அவனுடைய பாதியை ஓரளவு ஊகித்துவிடலாம். கடல் கடந்த பிறகு இது முடியாது. கடிதங்கள் வரிசை மாறி மொத்தமாக வந்து சேரும். அதனால்தான் பல குடும்பங்கள் அப்போது கடிதங்களுக்கு எண் போடத் தொடங்கின.

எனவே புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் எல்லா உறைகளையும் முத்திரைத் தேதிப்படி தரையில் வரிசையாக அடுக்குங்கள். உள்ளே இருப்பதை இன்னும் படிக்க வேண்டாம். முகவரியை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஃபோர்ட் பென்னிங், ஜார்ஜியா. ஃபோர்ட் பென்னிங், ஜார்ஜியா. பிறகு வேறொரு முகாம், வேறொரு மாநிலம். ஓர் இடத்தில் ஊர்ப்பெயர் மறைந்து, 'ஏ.பி.ஓ.' என்ற மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் வரும். படைத் தபால் நிலையம் என்பதன் சுருக்கம் அது. அவன் எங்கே இருக்கிறான் என்று வீட்டுக்கும் எதிரிக்கும் தெரியாமல் கடிதத்தைச் சேர்ப்பதற்கான எண். அதன் கீழே 'போஸ்ட்மாஸ்டர், நியூயார்க்' என்று இருந்தால் அட்லாண்டிக் பக்கம், 'சான் பிரான்சிஸ்கோ' என்று இருந்தால் பசிபிக் பக்கம். அதற்குமேல் அம்மாவுக்கும் தெரியாது.

அந்த உறைக்கு முந்தைய உறையை இப்போது கையில் எடுங்கள். ஊதா நிறக் கழுகு, மூன்று சென்ட். முகாமின் பெயர் முழுதாக இருக்கிறது. அடுத்த உறையில் அதே கையெழுத்து, அதே மை, அதே எட்டு இலக்கங்கள். தபால்தலை மட்டும் மாறியிருக்கலாம்: கடல் கடந்த வீரர்களுக்கான சலுகை விமானத் தபால் கட்டணம், ஆறு சென்ட். சிவப்பு நிறத்தில் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கும்.